சோலைக்கிளி: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

மலையில் பறவை பார்க்க வருகிறவர்களோடு நடக்கும்போதெல்லாம் இந்தக் குட்டி நீலப் பறவையைப் பற்றி ஒரே மாதிரியான சந்தேகங்கள்தான் வருகின்றன. பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்றை விட்டுவிடுகிறேன். அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, பதில்களையும் சேர்த்து வைத்திருக்கிறேன். முதலில் எளிய கேள்விகள். போகப் போகக் கொஞ்சம் சிக்கலாகும்.

சோலைக்கிளின்னா பச்சைக்கிளி மாதிரி ஒரு கிளியா?

இல்லை. பேரைக் கேட்டவுடன் பத்தில் எட்டுப் பேர் வளைந்த மூக்கைத்தான் தேடுகிறார்கள். மலையாளத்தில் 'கிளி' என்றால் பொதுவாகச் சின்னப் பறவை. தமிழில் அது பச்சைக்கிளியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. சோலைக்கிளி என்பதற்கு 'சோலையில் இருக்கும் குருவி' என்றுதான் பொருள். பாடும் பறவைகளில் ஒன்று, ஈப்பிடிப்பான் குடும்பத்தைச் சேர்ந்தது. வீட்டுத் தோட்டத்துக்கு வரும் குண்டுகரிச்சானும் இதே குடும்பம்தான்.

சரி, பார்க்க எப்படி இருக்கும்?

நீளம் சுமார் 15 செ.மீ., கிட்டத்தட்டச் சிட்டுக்குருவி அளவு. ஆனால் நிற்கும் தோரணையே வேறு. கால் நீளம், வால் குட்டை, உடம்பு உருண்டை. தலை, முதுகு, தொண்டை, மார்பு எல்லாம் சிலேட்டுப் பலகைக்கு நீலம் பூசியது போன்ற நிறம். கண்ணுக்கும் அலகுக்கும் நடுவே கறுப்பு, அதற்கு மேல் மெல்லிய வெண்கோடு.

வயிற்றைப் பார்த்துத்தான் எது என்று சொல்ல முடியும். நீலகிரிப் பக்கம் இருப்பதற்கு வயிற்றிலும் விலாவிலும் செம்பழுப்பு. கொடைக்கானல், மூணாறு, வால்பாறைப் பக்கம் இருப்பதற்கு விலா சாம்பல் நீலம், நடுவயிறு வெள்ளை. முன்னதை நீலகிரிச் சோலைக்கிளி என்றும் பின்னதை வெண்வயிற்றுச் சோலைக்கிளி என்றும் சொல்கிறோம். ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி இருக்கும். குஞ்சுகளின் உடம்பில் மட்டும் புள்ளியும் கீற்றுமாக இருக்கும்.

சோலைன்னா தோப்புதானே? இதுக்கு மட்டும் என்ன தனி அர்த்தம்?

சமவெளியில் சோலை என்றால் நிழல் தரும் எந்த மரக்கூட்டமும் சோலைதான். மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிப் பகுதிகளில் அந்தச் சொல் ஒரு குறிப்பிட்ட காட்டைக் குறிக்கிறது. மலைச்சரிவு முழுக்கப் புல்வெளி. அதன் மடிப்புகளில், தண்ணீர் ஓடும் பள்ளங்களில் மட்டும் குட்டையான, பாசி படர்ந்த பசுமைமாறா மரங்கள். தாவரவியலாளர்கள் உலகம் முழுவதும் இந்தத் தமிழ்ச் சொல்லையே பயன்படுத்துகிறார்கள்.

டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் இரவுகளில் வெளியே புல் வெள்ளையாகிவிடும். சோலை மரக்கன்றுகள் புல்வெளிக்குள் பரவாமல் இருப்பதற்கு இந்த உறைபனியும் ஒரு காரணம். சோலைக்குள் காலை வைத்தால் சட்டென்று காற்று நின்றுவிடும், வெளியே இருந்ததைவிடக் குளிர் குறைவாகவே தெரியும். தரையில் இலைக்குப்பை, அதற்கு மேல் இடுப்பளவு அடிச்செடிகள். சோலைக்கிளியின் வாழ்க்கை முழுக்க இந்த இடுப்பளவுக்குள்தான். மர உச்சியில் தேடிக் கழுத்து வலிக்க வேண்டியதில்லை.

எங்கே போனால் பார்க்கலாம்? ஊட்டியில் இருக்குமா?

இருக்கும். தொட்டபெட்டா, கெய்ர்ன் ஹில், அவலாஞ்சி வட்டாரச் சோலைகளில் நீலகிரி இனம் உண்டு. வயநாடு, பிரம்மகிரி, கர்நாடகத்தின் பாபாபுதன் மலை வரையிலும் அதுதான். கொடைக்கானலில் பாம்பே சோலை, வட்டக்கானல் போன்ற இடங்களிலும், ஆனைமலையின் உயரமான பகுதிகளிலும், மூணாறு இரவிக்குளத்திலும் வெண்வயிற்று இனம். இன்னும் தெற்கே அகத்தியமலைப் பக்கம் இருப்பதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

பெரும்பாலும் 1,200 மீட்டருக்கு மேல்தான். உலகில் வேறு எங்கும் கிடையாது, இமயமலையிலோ இலங்கையிலோ தேடிப் பயனில்லை. காப்புக்காடுகளுக்குள் நுழைய வனத்துறை அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் உள்ளே போனவர் எடுத்த படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் நான் பாராட்டுவதில்லை.

நாலு தடவை போயாச்சு, ஒண்ணுகூடக் கண்ணில் படலை. நிஜமாவே இருக்கா?

இருக்கிறது. உங்களுக்கு மூன்றடி தள்ளியே இருந்திருக்கும். கூச்ச சுபாவமுள்ள பறவை, உங்கள் காலடி கேட்டவுடன் பறந்து ஓடாது, செடிக்குள் பின்வாங்கிவிடும். சிலேட்டு நீலம் நிழலில் கறுப்பாகத்தான் தெரியும். நாம் நடந்துகொண்டே தேடுவதுதான் தவறு.

நான் செய்வது இதுதான். விடியும் முன்பே சோலை ஓரத்துப் பாதையில் ஒரு இடத்தைப் பிடித்து உட்கார்ந்துவிடுவேன். அரைமணி நேரம் அசையக் கூடாது, பேசக் கூடாது. அட்டை ஏறினால் ஏறட்டும் (உப்புப் பை கட்டியிருந்தால் நல்லது). நாம் அங்கே இருப்பதைக் காடு மறந்த பிறகு, பாதையின் ஓரத்தில் ஒரு சின்ன உருவம் இரண்டு தத்தல் தத்தி வெளியே வரும். இலையைப் புரட்டும், நிமிர்ந்து நிற்கும், திரும்ப உள்ளே போய்விடும். பத்து விநாடி கிடைத்தாலே பெரிய விஷயம். விடியலும் அந்தியும்தான் நேரம். வெயில் ஏறிய பிறகு தேடுவது வீண்.

நீலமா ஒண்ணு பார்த்தேன், ஆனா மரக்கிளையில உச்சியில இருந்துச்சு. அது சோலைக்கிளியா?

அனேகமாக இல்லை. அதே மலையில் நீலகிரி ஈப்பிடிப்பானும் இருக்கிறது. அது உடம்பு முழுக்க நீலம், நடுமரத்திலும் உச்சியிலும் வெளிப்படையாக உட்காரும், பறந்துபோய்ப் பூச்சியைப் பிடித்துவிட்டுத் திரும்பி வரும். இன்னும் கீழே உள்ள காடுகளில் வெண்வயிற்று நீல ஈப்பிடிப்பான் என்று ஒன்று உண்டு. பேர் ஒற்றுமையால் நிறையப் பேர் குழம்புவது இதில்தான். அதுவும் கிளையில் அமரும் பறவை, தரையில் தத்தித் திரியாது.

ஓடையோரம் கருநீலமாக, புறா அளவுக்குக் கொஞ்சம் குறைவாக, மனிதர் சீழ்க்கை அடிப்பது போலப் பாடினால் அது சீகாரப் பூங்குருவி. குழப்பமே வேண்டாம், அது சோலைக்கிளியைவிட நல்ல பெரிது.

நிஜமாகவே ஏமாற்றக்கூடியது குளிர்காலத்தில் இமயமலையிலிருந்து வரும் இந்திய நீல ராபின். அதுவும் தரையில், அடிச்செடிக்குள், நீல முதுகு, வெண்புருவம். வித்தியாசம் தொண்டையில் இருக்கிறது. அதற்குத் தொண்டையும் மார்பும் ஆரஞ்சுச் செம்பழுப்பு. சோலைக்கிளிக்குத் தொண்டை நீலம், செம்பழுப்பு இருந்தாலும் வயிற்றுப் பக்கம் மட்டுமே. மே மாதத்தில் பார்த்தீர்கள் என்றால் ராபின் ஊருக்குக் கிளம்பிப் போயிருக்கும், அந்தச் சந்தேகமே வராது.

என்ன சாப்பிடும்?

முக்கியமாகப் பூச்சிகள். இலைக்குப்பையிலும் தாழ்ந்த செடிகளிலும் தேடிப் பொறுக்கும். குப்பையைக் கூட்டிச் சுத்தமாக வைத்திருக்கும் சோலைத் துண்டில் இதற்கு வேலை இல்லை.

பாட்டு எப்படி இருக்கும்?

எழுத்தில் சொல்லிப் புரியவைக்க முடியாதது இது ஒன்றுதான். முயற்சி செய்கிறேன். சீழ்க்கையும் கீச்சொலியும் மாறி மாறி வரும் நீண்ட சுருள், நடுவில் சட்டென ஒரு கரகரப்பு, திரும்பச் சீழ்க்கை. குயில் மாதிரி ஒரே சொல்லைத் திருப்பிச் சொல்லாது. பேசிக்கொண்டே போவது போல இருக்கும். சத்தமும் பெரிதல்ல, பக்கத்தில் ஓடை இருந்தால் அமுங்கிவிடும். கோடை மழைக்கு முன்னும் பின்னுமாக, ஏப்ரல், மே மாதங்களில் நிறையக் கேட்கலாம்.

இந்தப் பறவையைப் 'பார்த்தேன்' என்று பட்டியலில் எழுதத் துடிப்பவர்களுக்கு நான் சொல்வது: முதலில் காதால் தெரிந்துகொள்ளுங்கள். என் குறிப்பேட்டில் பத்துப் பதிவு இருந்தால் எட்டு, பாட்டு மட்டும் கேட்டதுதான்.

அப்போ போனில் அதோட பாட்டைப் போட்டுக் கூப்பிட்டால் வருமே?

வரும், அதுதான் பிரச்சினை. தன் எல்லைக்குள் வேறொரு ஆண் புகுந்துவிட்டது என்று நினைத்துச் சண்டைக்கு வரும். கூடு கட்டும் பருவத்தில் இரை தேடவும் குஞ்சுகளைக் கவனிக்கவும் வேண்டிய நேரத்தை, இல்லாத எதிரியைத் தேடுவதில் கழிக்கும். ஒருவர் ஒரு முறை செய்தால் ஒன்றும் ஆகாது என்பார்கள். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் எல்லோருக்கும் தெரிந்த சோலைத்துண்டுகள் சிலதான். வாரக் கடைசியில் எத்தனை பேர் அதே ஜோடியிடம் அதே பாட்டைப் போடுகிறார்கள் என்று கணக்குப் பார்த்தால் புரியும். படத்துக்காக ஃபிளாஷ் அடிப்பதும் இதே கணக்குதான்.

கூடு எங்கே கட்டும்?

மரப் பொந்திலோ மண் சரிவின் குழியிலோ, தரையிலிருந்து அதிக உயரமில்லாமல். பாசியும் மெல்லிய வேர்களும் வைத்து மெத்தை போடும். பெரும்பாலும் இரண்டு முட்டை. அதற்கு மேல் விவரம் சொல்ல எனக்கு மனமில்லை. கூடு தேடிப் போக வேண்டாம் என்பதற்காகத்தான்.

பனிக்காலத்தில் கீழே இறங்கி வருமா? எங்க ஊர் கோயம்புத்தூர், தோட்டத்தில் வாய்ப்பு உண்டா?

வாய்ப்பில்லை. இது வலசை போகாத பறவை. உறைபனி விழும் மாதத்திலும் அதே சோலைக்குள்தான் இருக்கும். மேலே சொன்னதுபோல உள்ளே குளிர் அவ்வளவு கடுமை இல்லை. கீழே தோட்டத்தில் நீலமாக ஒன்று வந்திருந்தால், ஈப்பிடிப்பான் பற்றிய பதிலை ஒருமுறை பாருங்கள்.

பழைய புத்தகத்தில் 'ஷார்ட்விங்'ன்னு போட்டிருக்கு, இன்னொன்றில் 'ப்ளூ ராபின்'. ஏன் இப்படிப் பேரை மாத்திக்கிட்டே இருக்காங்க?

இது நியாயமான எரிச்சல். நீலகிரிப் பறவையை 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்டன் என்ற இயற்கை ஆய்வாளர் அறிவியல் முறைப்படி விவரித்தார். பழனிமலைப் பறவையை 1868இல் பிளான்ஃபோர்டு என்ற இன்னோர் ஆய்வாளர் விவரித்தார். யாருடைய உறவு என்று தெரியாமல் அடுத்த நூற்றைம்பது ஆண்டுகள் இதை ஒரு பேரினத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டே இருந்தார்கள். இமயமலையிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் உள்ள, சிறகு குட்டையான, தரையில் திரியும் 'ஷார்ட்விங்' பறவைகளோடு நீண்ட காலம் சேர்த்து வைத்திருந்தார்கள். நீலகிரிப் பறவையும் பழனிமலைப் பறவையும் ஒரே இனம் என்று நினைத்த காலமும் உண்டு. 2005 வாக்கில் 'ப்ளூ ராபின்' என்று ஆனது.

மரபணுவைப் படித்த பிறகுதான் தெரிந்தது, இரண்டுமே தவறு. இதன் நெருங்கிய சொந்தக்காரர்கள் கிளையில் உட்கார்ந்து பூச்சி பிடிக்கும் நீல ஈப்பிடிப்பான்கள். இது மட்டும் தரைக்கு இறங்கி, கால் நீண்டு, ஷார்ட்விங்கைப் போல உருவம் எடுத்துவிட்டது. ஒரே மாதிரி இடத்தில் வாழ்ந்தால் சொந்தம் இல்லாதவையும் ஒரே மாதிரி ஆகும். 2017இல் வி. வி. ராபின், உமா ராமகிருஷ்ணன் உள்ளிட்டோர் எழுதிய கட்டுரையில் இவற்றுக்கென்றே 'ஷோலிகோலா' என்ற பேரினத்தை உருவாக்கினார்கள். சோலையில் குடியிருப்பது என்று பொருள். சோலைக்கிளி என்ற பேரும் இந்தக் கட்டத்தில்தான் பரவலானது. (பறவையின் ஆங்கிலப் பேரிலும் ராபின், ஆய்வாளர் பேரிலும் ராபின். தற்செயல்தான், இதையும் கேட்கிறார்கள்.)

மொத்தம் எத்தனை இனம்? சிலர் இரண்டு என்கிறார்கள், சிலர் மூன்று.

இரண்டுமே சரிதான், எந்தப் பட்டியலை வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நீலகிரி இனம், வெண்வயிற்று இனம் இரண்டையும் எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். மேலே சொன்ன 2017 கட்டுரை, செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே அகத்தியமலைத் தொகுதியில் இருப்பதை 'ஷோலிகோலா அஷாம்புயென்சிஸ்' என்று மூன்றாவது இனமாக்கியது. பார்வைக்கு அது வெண்வயிற்றுச் சோலைக்கிளியைப் போலவே இருப்பதால் அதன் துணையினமாகவே வைத்திருப்பவர்களும் உண்டு. குறிப்பேட்டில் இடத்தின் பேரைச் சரியாக எழுதிவைத்தால் போதும், நாளைக்கு யார் எப்படிப் பிரித்தாலும் உங்கள் பதிவு வீணாகாது.

பாலக்காட்டுக் கணவாய் முப்பது, நாற்பது கிலோமீட்டர்தான். பறவைதானே, பறந்து தாண்டிவிடாதா?

நிறையப் பறவைகள் தாண்டும். இது தாண்டாது. கணவாயின் தரை கடல்மட்டத்திலிருந்து சுமார் 140 மீட்டர் உயரம்தான். வறண்ட காற்று, வெயில், வயல், ஊர். 1,200 மீட்டருக்கு மேலே ஈரச் சோலைக்குள் இடுப்பளவு உயரத்தில் வாழும் பறவைக்கு அது கடல் மாதிரி. அதனால்தான் இந்த மலைகளை 'வான் தீவுகள்' என்கிறார்கள். கடலுக்குப் பதில் சமவெளி, தீவுக்குப் பதில் மலையுச்சி.

கணவாய்க்கு வடக்கே செம்பழுப்பு வயிறு, தெற்கே வெள்ளை வயிறு என்று பிரிந்து பல லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. செங்கோட்டைக் கணவாய் இன்னும் குறுகலானது, புனலூர் ரயில் அதன் வழியாகத்தான் போகிறது. அதுகூட இதற்குத் தடைதான். 2015இல் வந்த ஓர் ஆய்வில் இதே மலைகளின் 23 பறவை இனங்களின் மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஆழமும் அகலமும் அதிகமுள்ள பள்ளம் அதிகப் பறவைகளைப் பிரித்திருந்தது. ஆனால் எல்லாப் பறவையையும் அல்ல. சோலைக்கிளி, சிரிப்பான் என்ற மலைப்பறவை போன்றவை நன்றாகவே பிரிந்துபோனவை.

ஒவ்வொரு மலையிலும் வேற வேற பாட்டுப் பாடுமாமே, உண்மையா?

உண்மை. தஞ்சாவூர்த் தமிழும் திருநெல்வேலித் தமிழும் போல என்று சொன்னால் சட்டெனப் புரியும். பாடும் பறவைகள் பாட்டைப் பெருமளவு கேட்டுத்தான் கற்கின்றன. கேட்கும் வட்டம் அறுந்துபோனால் இரு பக்கமும் பாட்டு தனித்தனியாக மாறத் தொடங்கும்.

சுவையான செய்தி இனிமேல்தான். பழங்காலக் கணவாய் பிரித்த இடங்களில் மட்டுமல்ல, கடந்த சில தலைமுறைகளில் நாம் காட்டை வெட்டிப் பிரித்த இடங்களிலும் பாட்டு வேறுபடுகிறது என்று பதிவாகியிருக்கிறது. வேறுபடும் விதம் மட்டும் ஒன்றல்ல. கணவாய் உண்டாக்கிய மாற்றம் ஒரு வகை, கோடாலி உண்டாக்கிய மாற்றம் இன்னொரு வகை. இதைப் படித்த நாளிலிருந்து தனித்த சோலைத்துண்டில் ஒற்றைக் குரல் கேட்டால் எனக்குச் சாதாரணமாகக் கேட்க முடிவதில்லை.

தைலமரக் காட்டிலும் தேயிலைத் தோட்டத்திலும் வாழுமா? அதுவும் பச்சையாகத்தானே இருக்கு?

பச்சையாக இருப்பது போதாது. தேயிலைத் தோட்டத்தில் நிழல் மூடிய அடிச்செடியும் இலைக்குப்பையும் கிடையாது. தைலமரத்தின் கீழும் பெரும்பாலும் அதே கதை. சோலையை ஒட்டிய பழைய தோப்புகளில், அடியில் செடி அடர்ந்து வளர்ந்திருந்தால் சில சமயம் காணக் கிடைக்கும். ஆனால் பக்கத்தில் சோலை இல்லாமல் அது நிலைக்காது.

இதில் ஒரு சங்கடம் உண்டு. தோல் பதனிட வேண்டிய பட்டைக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்ட வாட்டில் மரங்கள் புல்வெளிகளை விழுங்கிவிட்டன, அவற்றை அகற்ற வேண்டும் என்கிறோம். அதே வாட்டில் நிழலில் சில இடங்களில் சோலைக் கன்றுகள் தானாக முளைத்து வருகின்றன. மொத்தமாக வெட்டினால் அந்தக் கன்றுகளும் போகும். என்னைக் கேட்டால், புல்வெளியில் பரவும் வாட்டிலை எடுக்க வேண்டும், சோலைக் கன்று முளைத்த இடத்தில் அவசரப்படக் கூடாது. ஒவ்வொரு சரிவாக நடந்து பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.

அழியும் நிலையில் இருக்கா?

உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயுசிஎன்னின் சிவப்புப் பட்டியலில் ஆபத்துக்குள்ளான இனங்களின் வரிசையில் இவை இருக்கின்றன. நல்ல சோலைக்குள் இது அரிதான பறவை அல்ல, ஒரு நடையில் பல குரல்கள் கேட்கலாம். சிக்கல் எண்ணிக்கையில் இல்லை, இடத்தில். இருக்கும் சோலை கொஞ்சம், அதுவும் துண்டு துண்டாக. சூடு கூடினால் மேலே ஏறிப் போக மலை மிச்சமில்லை. பிடிப்பதும் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

ஒரு மலையில் அழிந்துபோனால் பக்கத்து மலையிலிருந்து பிடித்து வந்து விட்டுவிடலாமே?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒரு பள்ளி மாணவி. பெரியவர்கள் கேட்டதைவிட நல்ல கேள்வி. எந்தப் பக்கத்து மலை என்பதுதான் முதல் பதில். கணவாய்க்கு அப்பாலிருந்து என்றால் அது வேறு இனம். கொடைக்கானலில் நீலகிரிப் பறவையை விட்டால் அழிந்தது திரும்பி வந்ததாக ஆகாது. ஒரே மலைத்தொகுதிக்குள், ஒரு சோலையிலிருந்து அடுத்ததற்கு என்றால் மரபணு ஒத்துப்போகலாம். ஆனால் பாட்டைப் பற்றிச் சொன்னதை நினைத்துப் பாருங்கள். புதிதாக வந்த ஆணின் பாட்டு அங்கே மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு பெண்களுக்கு எப்படிக் கேட்கும்?

அது இருக்கட்டும், முதலில் ஏன் அழிந்தது என்று பார்க்க வேண்டும். அடிச்செடி போனதால் என்றால், விட்ட பறவையும் நிற்காது. அந்த மாணவி உடனே, "அப்போ செடியை நட்டால் அதுவே வருமா?" என்றாள். அடுத்த சோலை ஒட்டி இருந்தால் வரும். நடுவே ஒரு தார்ச்சாலையும் நாலு விடுதியும் இருந்தால் சந்தேகம்தான் என்றேன்.